மாறுதல் கடிதம்

ஐஸ் பெட்டியின் ஒயர் பிளக்குக்கு எட்டவில்லை. இன்பசேகரன் தன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி, அதைச் செருகினான். பெட்டி ஒருமுறை குலுங்கி உறுமியது. உள்ளே அவன் அப்பா இம்மானுவேல் வாத்தியார், எண்பத்திரண்டு வயது, முதல்முறையாக ஏசியில் படுத்திருந்தார்.

பிடுங்கப்பட்ட லேப்டாப்பில் ஐரோப்பா இருந்தது. வெளிநாட்டில் செய்யும் சிப் கார்டுகளைத் திருடர்கள் உடைக்க முடியாது என்று நிரூபிக்கும் காகிதங்களை மதுரையில் உட்கார்ந்து தயாரிக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. முன்பு பிரான்ஸ் ஒரு சான்றிதழ் கொடுக்கும், ஜெர்மனி ஒன்று கொடுக்கும். இனி ஐரோப்பா முழுமைக்கும் ஒன்றுதான். பழையதைப் புதியதற்கு மாற்றும் பிரிவுக்கு இன்பசேகரன் தலைவன். அவன் பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கல்யாணப் பந்தியில்கூட, சாம்பாரில் தொடங்கி மோர் வரும்வரை இதை விளக்குவான். சின்னச் சின்னக் கடையை எல்லாம் மூடியாச்சு, இனி ஒரே இடம், ஒரே முத்திரை என்பான். கேட்பவர்கள் மரியாதையாக அப்பளத்தை நொறுக்குவார்கள்.

பத்து மணிக்கு எழுமலையிலிருந்து அழகுராஜா போன் செய்தான். வாத்தியாரிடம் படித்தவன், இப்போது அந்த ஊர்த் திருச்சபையின் செயலாளர். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்ததும், மனைவி மரியம்மாளைப் புதைத்ததும் எழுமலையில்தான். அவள் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்பதைத் தவிர அவர் பிள்ளைகளிடம் எதையும் கேட்டதில்லை.

"குழி வெட்ட ஆளு நிக்கிறாகண்ணே. கமிட்டிலதான் ஒத்துக்க மாட்டேங்கிறாக. சார்தான் மதுரைச் சபைக்கு மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாருல்ல, அவரு பேரு இங்க இல்லியே."

சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

செய்தி கூடத்தில் பரவியதும் தங்கை டயானாவின் புருஷன் ஜெய்சன் எகிறினான். பிஷப்பைப் பார்க்காமல் விடமாட்டேன் என்றான். வாத்தியாருக்கே இடமில்லையா என்று சொந்தபந்தம் எழுமலையைச் சபித்தது. இன்பசேகரனும் தலையை ஆட்டினான். மனுசத்தன்மையே இல்லாத பயலுக என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்தும் விட்டான்.

போன வருஷம் மதுரையில் தன் சபையின் பெரிய கோயில் கமிட்டித் தேர்தலில் நின்றான். வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணியபோது ஒன்று, அப்பாவுடையது, எழுமலைப் பதிவேட்டில் கிடந்தது. பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுக் காகிதங்களுக்கு நடுவே மாறுதல் விண்ணப்பத்தைச் செருகி, விரல் வைத்துக் காட்டினான். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊர்ப் பிள்ளைகளை முப்பது வருஷம் பிரம்பால் அடித்த மனிதர், மகன் காட்டிய இடத்தில் கண்ணாடியைத் தேடாமல் போட்டுக் கொடுத்தார். தேர்தலன்று அவருக்குக் காய்ச்சல், ஓட்டுப் போடப் போகவில்லை. இன்பசேகரன் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றான். அதே வாரம் ஆபீசில், சொந்தக்காரனின் சம்மதம் இல்லாமல் ஒரு சான்றிதழையும் நகர்த்தக் கூடாது என்று புதிய பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுத்தான்.

டயானா அண்ணனின் போனை வாங்கிப் பேசினாள். அப்பா அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்றாள். சார் கையெழுத்துப் போட்ட கடிதம் என் கையில் இருக்கிறது அக்கா என்றான் அழகுராஜா. அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் கமிட்டி சம்மதிக்கும். அதைக் கோயிலில் வாசிப்பார்கள்.

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"அப்பாவுக்குத் தெரியாம யாருண்ணே எழுதியிருப்பா?"

இன்பசேகரன் பெட்டியின் ஒயரைக் காலால் சுவரோரம் ஒதுக்கினான்.

"நான்தான்."

"எதுக்கு?"

"எலக்ஷனுக்கு."

அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி மேல் வைத்தாள்.

அப்பாவின் முகத்துக்கு மேலே குனிந்து எழுதினான். 'நிர்வாக வசதியை முன்னிட்டு நேர்ந்த பதிவு முரண்பாடு' என்று தொடங்கினான். டயானா பேனாவை வாங்கி அதன் மேல் ஒரு கோடு இழுத்துத் திரும்பக் கொடுத்தாள். இரண்டாவது முறை நாலே வரி வந்தது.

மூன்றரை மணிக்கு எழுமலைக் கோயிலில் அழகுராஜா அதை வாசித்தான். 'பென்ஷன் காகிதம் என்று சொல்லி என் அப்பாவை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன்.' வாத்தியாரிடம் படித்தவர்கள் பெஞ்சுகளை நிறைத்திருந்தார்கள். ஒருவரும் இன்பசேகரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

மரியம்மாளின் பக்கத்தில் சவப்பெட்டியை இறக்கினார்கள். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். முந்தின நாள் மழையில் மண் களியாக இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர். டயானா சொம்பில் மோந்து மோந்து வரிசையாக வந்தவர்களின் கையில் ஊற்றினாள். ஜெய்சனுக்கு, பிள்ளைகளுக்கு, அழகுராஜாவுக்கு, குழி வெட்டியவர்களுக்கு.

இன்பசேகரன் கடைசியாக வந்து இரண்டு கையையும் நீட்டினான். அவள் சொம்பை நிரப்பி டிரம்மின் விளிம்பில் வைத்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள்.

ஒரு கையால் சொம்பைச் சாய்த்து மறு கையைக் கழுவினான். கை மாற்றினான். சொம்பின் கழுத்தில் அப்பியிருந்த மண் கழுவின கையில் ஒட்டியது.