முறை வராத விருந்து

கீரமங்கலத்துக்குத் தெற்கே போட்டிருந்த பந்தலிலிருந்து கறிக்குழம்பு வாசனை ரோடு வரைக்கும் வந்து ஆளைப் பிடித்து இழுத்தது. ஆடி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் மொய் விருந்துதான். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, யாருக்குச் செய்ய வேண்டுமோ அவருடைய மேசையில் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். வாங்கியவர், செய்தவருடைய விருந்தில் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பி வைத்தாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒருவருக்கு முறை வரும்.

முத்துராஜ் அன்றைக்குச் சலவை வேட்டியில் வந்திருந்தார். மச்சான் உதயசூரியன் பேருக்குப் போட்டிருந்த மேசையில் ஐயாயிரம் ரூபாயை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார். எழுதுகிறவர் பேரையும் தொகையையும் உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் நாள் சாயங்காலம் மனைவி வளர்மதியின் தோட்டை அடகு வைத்த பணம் அது என்பது ஊருக்குத் தெரியாது. வீட்டுக்கும் அவள் காதுக்கும் மட்டும்தான் தெரியும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று சும்மாவா சொன்னார்கள்!

சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மகள் சுபாதான். எடுத்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் எடுக்கவில்லை. பந்திக்குப் போகவும் மனமில்லை. பந்தலுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார்.

சுபா திருச்சியில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். பிஎச்.டி.க்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. தென்னையைப் பிடித்தாட்டும் வெள்ளை ஈயைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாள். ஆனால் ஐந்து வருஷம் விடுதிச் சாப்பாட்டுக்கும் ஆய்வுக்கூடச் செலவுக்கும் என்ன வழி? அகில இந்தியத் தேர்வில் ஜெயித்தால் மாதாமாதம் பெல்லோஷிப் வரும். அதைக் கொஞ்சம் மார்க்கில் தவறவிட்டிருந்தாள், மறு தேர்வு மார்கழியில். கைடிடம் ஏதாவது புராஜெக்ட் இருந்தால் அதில் சம்பளம் போட்டு வைத்துக்கொள்வார். இந்த வருஷம் அவரிடம் புராஜெக்ட் இல்லை. பேங்கில் கல்விக்கடன் கேட்டால் ஜாமீனுக்குச் சொத்து காட்டச் சொன்னார்கள். கஜா புயல் பிடுங்கிப் போட்டது போக மிச்சமிருந்த தென்னந்தோப்பின் பத்திரம் ஏற்கெனவே வேறொரு கடனுக்குப் போய் உட்கார்ந்திருந்தது.

மிச்சம் ஒரே ஒரு வழிதான். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் முழுநேர ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். வி.ஏ.ஓ. இன்றைக்குப் பரிந்துரை செய்தால்தான் மேலே போய்க் கையெழுத்தாகி நேரத்துக்கு வந்து சேரும். வி.ஏ.ஓ.வோ, குடும்பத் தலைவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார்.

விஷயத்தை முதல் தடவை சொன்னபோதே முத்துராஜ் முகம் சுளித்திருந்தார்.

"உதவித்தொகையா? எப்பத்தா திருப்பிக் குடுக்கணும்?"

"திருப்பிக் குடுக்க வேணாம்ப்பா."

"வேணாமா? திருப்பி வைக்காத காசை வாங்குறதுக்கு நாம என்ன பிச்சைக்காரனா? நான் விருந்து வச்சு ஒன்னையப் படிக்க வைக்கிறேன்."

அப்படித்தான் அவருக்குப் புரிந்தது. வாங்கினால் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைக்காமல் வாங்கியவனை ஊர் மதிக்காது. அந்த மண்ணில் பிறந்தவருக்கு வேறு கணக்கு தெரியாது. அதைவிட இன்னொன்றும் உள்ளே குத்தியது. பந்தலுக்குப் பந்தல் ஆயிரக்கணக்கில் மொய் எழுதுகிறவர், ஊர்க்காரர்கள் நிற்கிற ஆபீசில் போய் 'எனக்கு வருமானம் இல்லை' என்று எந்த வாயால் சொல்வார்?

உதயசூரியன் கையில் சோற்று வாளியோடு வந்தார். முத்துராஜ் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், ஆவணியில ஒங்க தம்பி வைக்கிற விருந்துல என் பேரையும் சேத்துக்கங்க. மக படிப்புக்கு வேணும்."

உதயசூரியன் வாளியைக் கீழே வைத்தார். "என்ன மச்சான் பேசுறீங்க? முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம்தானே வச்சீங்க? முறை வராம வச்சா ஊரு சிரிக்கும்."

"அவசரம் மச்சான்."

"அவசரம் யாருக்கு இல்ல? புயலுக்கும் கொரோனாவுக்கும் அப்பறம் மொய்யே பாதிதான் விழுகுது. இங்கிட்டுப் பாருங்க, காலையிலேருந்து பாதிப் பேர வரக் காணோம். போன தடவ வாங்குனதையே நீங்க இன்னும் செஞ்சு முடிக்கல. மேல மேல வாங்குனா அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பொறந்தாலும் திருப்பி வச்சுக்கிட்டேதான் இருப்பீங்க. கோவிச்சுக்காதீங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வாங்க, சாப்பிடுங்க."

"பசிக்கல மச்சான்" என்று சொல்லிவிட்டு முத்துராஜ் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் ஆடிக்காற்று முகத்தில் அடித்தது. மச்சான் மேல் கோபம் வந்தது, அரசாங்கத்தின் மேல் வந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்த மகள் மேலும் வந்தது. தன் மேல் மட்டும் வரவில்லை. பாதி மனிதர்களின் கோபம் அப்படித்தான் ஊரெல்லாம் சுற்றும், சொந்த வீட்டு வாசலில் மட்டும் இறங்காது.

வீட்டில் சுபா பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டத்தா?"

"திருப்பூருக்கு. சிநேகிதி ஒருத்தி கம்பெனியில ஆள் கேக்குறாங்களாம். நான் போயி வேலை பாத்து அம்மா தோட்டையாச்சும் மீட்டுக் குடுக்குறேன்."

"அப்ப படிப்பு?"

"படிப்பா? காலையிலேருந்து ஆபீஸ் வாசல்ல நின்னேன். எத்தனை தடவ போன் அடிச்சேன், நீங்க எடுத்தீங்களாப்பா?" மடித்த துணியைப் பைக்குள் திணித்தாள். "உதவித்தொகை வாங்குனா கௌரவம் போயிரும்னு சொல்றீங்க. விருந்து வச்சு வாங்குறது மட்டும் யாரு காசு? அதுவும் அடுத்தவங்க காசுதானே?"

"அது வேற, இது வேற. அதை நாம திருப்பி வைக்கிறோம்."

"இதையும் திருப்பி வைக்கணும்ப்பா. ரூபாயா வைக்க முடியாது, அவ்வளவுதான். இந்தப் பணம் எங்கிருந்து வருது? நாம வாங்குற சோப்புல, தீப்பெட்டியில, ஒங்க வண்டிக்குப் போடுற பெட்ரோல்ல எடுத்த வரி. முன்ன பின்ன தெரியாத சனம் எல்லாம் சேந்து வச்ச மொய்யின்னு வச்சுக்கங்க. எதுக்கு வைக்கிறாங்க? நான் அந்த வெள்ளை ஈக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா நம்ம தோப்பு மட்டுமா பொழைக்கும்? அதுதான் நான் திருப்பி வைக்கிற மொய். படிக்காமப் போனாத்தான் நான் வாங்கிட்டு ஏமாத்துனவ."

வளர்மதி அதுவரைக்கும் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஊருக்கு முன்னாடி பணக்காரனா இருந்து பாத்தாச்சு. ஒரு நாளைக்கு உள்ளதச் சொல்லிப் பாருங்களேன்."

முத்துராஜால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி சொருகியிருந்தாள். ஐயாயிரம் என்று எழுத்தர் உரக்கச் சொன்னபோது காதில் தேனாய்ப் பாய்ந்த சத்தம், இப்போது நினைத்தாலே கூசியது.

"ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்த்தா?" என்றார்.

வி.ஏ.ஓ. ஆபீசில் பட்டா மாற்றத்துக்கும் சாதிச் சான்றுக்கும் வந்தவர்கள் ஒரு கூட்டமாய் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகம். கடை வைத்திருக்கும் பழனிச்சாமி, "அண்ணே, கறி விருந்துலேருந்து நேரா வாரீகளா?" என்று சிரித்தார். அவர் மகன் அறந்தாங்கியில் டிகிரி கடைசி வருஷம் படிக்கிறான். முத்துராஜுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று கால் துடித்தது. சுபா பக்கத்தில் நின்றாள்.

வி.ஏ.ஓ. ஜெயராணி ஆவூர்ப் பக்கத்துக்காரர், கறாரான பெண். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "குடும்பத் தலைவர் நீங்கதானா? எல்லாம் சேத்து வருஷ வருமானம் எவ்வளவு வருது?"

முத்துராஜ் முனகினார்.

"காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க."

ஆபீசே அமைதியானது போல் அவருக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுபதாயிரம் வரும் மேடம். தோப்புல பாதி புயல்ல போச்சு. மிச்சத்துல வெள்ளை ஈ. அதுக்கு மேல எனக்கு வருமானம் கெடையாது."

சொல்லி முடித்ததும் வானம் இடிந்து விழவில்லை. ஜெயராணி தோப்பின் விவரம் கேட்டார், ரேஷன் கார்டைப் பார்த்தார், சுபாவிடம் படிப்பைப் பற்றி விசாரித்தார். கடைசியில், "இன்னைக்கே மேல அனுப்பிடுறேன். போன வருஷமும் நம்ம பக்கத்துல ஒரு பிள்ளைகூட இதுக்கு விண்ணப்பமே போடலை. இருக்குன்னே யாருக்கும் தெரியலை" என்றார்.

வெளியே வரும்போது பழனிச்சாமி பின்னாலேயே வந்தார். "என்னண்ணே இது? பந்தலுக்குப் பந்தல் மொய் எழுதுற கை. ஒங்களுக்குப் போயி உதவித்தொகையா? கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

காலையில் இதே பேச்சைக் கேட்டிருந்தால் முத்துராஜ் கூனிக் குறுகியிருப்பார். இப்போது நின்று நிதானமாகத் திரும்பினார்.

"உதவின்னு எவன் பேரு வச்சானோ, அந்தப் பேருதான் நம்மளக் கெடுக்குது பழனிச்சாமி. இது பிச்சை இல்லப்பா. நாட்டுல உள்ள சனமெல்லாம் சேந்து எம் மகளுக்கு வைக்கிற மொய். அவ படிச்சுத்தான் அதைத் திருப்பி வைக்கணும், வைப்பா. படிக்கிற புள்ளைக்கு என்னென்ன வழி இருக்குன்னு கேக்காம, வறட்டுக் கௌரவத்துல கடன வாங்கி அதுங்க தலையில கட்டுறோம் பாரு, வெக்கப்பட வேண்டியது அதுக்குத்தான். ஒம் மகனும் மேல படிக்கணும்னு சொல்றானாமே? அவன இந்தப் புள்ளகிட்ட வந்து கேக்கச் சொல்லு. நீயும் உள்ள போயி உள்ளதச் சொல்லு."