அட்டவணையில் ஐந்தாவது பெயர்

மதியம் இரண்டரை ஆனால் எலிசாவுக்குத் தலை சுற்றியது. அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். சனிக்கிழமை அதே இரண்டரைக்கு ஃபிரிஸ்கோ இந்தியன் கடையில் இருபது பவுண்டு அரிசிப் பையைத் தூக்கி காரில் வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் சமையலறையில் நின்றபடியே பாத்திரம் கழுவினாள், அப்போதும் ஒன்றுமில்லை. உடம்புக்குக் கிழமை எப்படித் தெரிகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

அவள் கணவன் ஷைன் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். "ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போம்" என்றான். முதல் வாரம் காலையில் இரண்டு முட்டை. இரண்டாம் வாரம், தரை துடைக்கும் திரவத்தின் வாடையோ என்று முகக்கவசம். மூன்றாம் வாரம் பி.பி. மெஷின் வாங்கி தினமும் இரவு ஏழு மணிக்கு அளந்தான். எல்லாம் நார்மல். வேலை முடிந்து வந்ததும் அவள் சிங்க் அருகிலேயே நின்று இரண்டு பெரிய தம்ளர் தண்ணீர் குடிப்பாள். அதற்குப் பிறகுதான் அவன் அளந்தான் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. மெஷின் உண்மையைத்தான் சொன்னது, வேறு நேரத்தின் உண்மையை.

"உன் டேகேர் டைரக்டர்கிட்ட சொல்லிடேன்" என்றான்.

"தலை சுத்துறவ கையில யாரு குழந்தையக் குடுப்பா? நீ குடுப்பியா?"

ஷைன் பி.பி. மெஷினைச் சுருட்டி வைத்தான். ஒர்க் பெர்மிட்டுக்காக அவள் ஆறு வருடம் வீட்டிலேயே காத்திருந்தது அவனுக்குத் தெரியும். ஆலன் நகரில் இருந்த அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் கைக்குழந்தைகள் அறைதான் அவளுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் வேலை. நான்கு குழந்தைகளுக்கு ஓர் ஆள். அந்த ஆள் வாக்கிடாக்கி ரேடியோவில் மாற்று ஆள் கேட்காமல் ஒரு நிமிடம்கூட அறையை விட்டு வெளியே போக முடியாது.

செவ்வாய்க்கிழமை, ஏழு மாத ஷ்ரேயஸைத் தோளில் போட்டுக்கொண்டு பாயிலிருந்து எழுந்தாள். பார்வையின் ஓரங்கள் கறுத்து உள்நோக்கி வந்தன. காதில் இரைச்சல். குழந்தை சிரித்துக்கொண்டே அவள் கம்மலைப் பிடித்து இழுத்தது. அந்த வலி ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் அவனை நெஞ்சோடு இறுக்கியபடி முழங்கால் மடங்கிச் சரிந்தாள். அவன் தலைக்கும் மேசை முனைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

பக்கத்து அறை மரகதம் ஆன்ட்டி தன் குழந்தைகளை விட்டு வர முடியாமல் அரைக்கதவின் மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, வழுக்கிடுச்சு."

"கார்ப்பெட்ல வழுக்குதா? நல்லா சொல்ற. மாசமா இருக்கியா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி!"

"அப்ப வேற என்னமோ இருக்கு. டைரக்டர்கிட்ட நீயே சொல்லு. அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன், அப்புறம் நான் சொல்லிடுவேன். அந்தப் பையன் விழுந்திருந்தா என்னடி பண்ணுவ?"

மூன்று மணிக்கு டேப்லெட்டில் அட்டவணையைத் திறந்தாள். குழந்தைக்கு ஒரு வரி: எத்தனை அவுன்ஸ் உள்ளே போனது, டயப்பர் எப்போது நனைந்தது. இன்னொரு குழந்தை அதிதியின் வரி எச்சரிக்கை மஞ்சளாகியிருந்தது. கடைசி ஈர டயப்பர் எட்டு ஐம்பதுக்கு. ஆறு மணி நேரம் தாண்டினால் தாய்க்கு ஃபோன் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. செய்தாள்.

"பயப்படாதீங்க, எக்ஸ்ட்ரா பால் குடுக்கறேன். உள்ள போனாதான வெளிய வரும்? தண்ணி பத்தலன்னா குழந்தைங்க டல்லாயிடும், தலை தொங்கிடும், அதான் கால் பண்ணேன்."

ஃபோனை வைத்தவள் அட்டவணையை மறுபடி பார்த்தாள். தனக்கும் ஒரு வரி இருப்பதுபோல் மனதுக்குள் நிரப்பிப் பார்த்தாள். உள்ளே: காலையில் அரை கப் காப்பி. வெளியே: ஆறு நாற்பதுக்கு, வீட்டில். அதோடு சரி. எட்டு மணி இருபது நிமிடம்.

பாளையங்கோட்டையில் அவள் படித்த பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். ஒன்பதாவதில், "எனக்குத் தாகமே எடுக்காது" என்று தோழிகளிடம் பெருமையடித்தாள். இங்கே ரேடியோவில் ஆள் கேட்கக் கூச்சமாக இருந்தபோது அந்தப் பழைய பழக்கம் கைகொடுத்தது. உட்கார்ந்து எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். இதயம் அதை மேலே தள்ள வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் தள்ளுவதற்கு ரத்தமும் குறைவு. காலையில் உடம்பு சமாளித்திருக்கிறது. இரண்டரை வரைக்கும்தான் முடிந்திருக்கிறது. சனி ஞாயிறில் அவள் கூச்சமில்லாமல் தண்ணீர் குடித்தாள்.

ரேடியோவை எடுத்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக, பாத்ரூம் போக வேண்டும், ஆள் அனுப்புங்கள் என்றாள். நான்கு நிமிடத்தில் ஆள் வந்தது. திரும்பும் வழியில் டைரக்டர் அறைக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னாள், ஷ்ரேயஸையும் மேசை முனையையும் சேர்த்து. டைரக்டர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். டாக்டரைப் பார்க்க வேண்டும், இரண்டு வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாது, தூக்க வேறொருவர் கூட இருப்பார், அதன் பிறகு பார்க்கலாம் என்றார்.

மறுநாள் அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் மாட்டி, நான்கு பெயர்களுக்குக் கீழே ஒரு தாளை ஒட்டி ஐந்தாவதாக எலிசா என்று எழுதினாள். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு மணிக்குத் தண்ணீர், தலா ஒரு தம்ளர். பத்தரைக்கும் ஒன்றரைக்கும் ரேடியோவில் ஆள். பாயிலிருந்து எழும் முன் முழங்காலில் பத்து எண்ணிக்கை. டாக்டரும் அதையே தொடரச் சொன்னார். அந்த வாரம் இரண்டரைகள் சும்மா கடந்து போயின.

எட்டாவது நாள், இரண்டு மணித் தம்ளருக்கு இருபது நிமிடம் இருக்கும்போது தொண்டையில் ஏதோ ஒட்டியது. என்னவென்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு பேனாவை எடுத்து, கட்டமே இல்லாத இடத்தில் எழுதினாள்: 1:40. தாகம் எடுத்தது. குடித்தாள்.