சத்தமில்லாத சரிவு

வண்டிச் சாவியை மகள் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியபோது அப்பா தலைநிமிரவில்லை. சாப்பாட்டு மேசையில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கை. எதையாவது கழற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. திருகாணிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வைத்துவிட்டு, அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.  சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள் பக்கத்தில் இருந்த மனைவி.

விஷயம் முந்தின நாள் நடந்தது. டியூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் வாங்கி வருகிறேன் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடை அடுத்த தெருவில். மூன்றரை மணியாகியும் ஆளைக் காணவில்லை. மகள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு பெண், அவர் சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பார்த்து போன் செய்து, உங்கள் அப்பா எங்கள் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், வந்து கூட்டிப் போங்கள் என்றாளாம். மகள் பாதி வகுப்பில் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினாள். நகரத்தின் அந்தக் கோடி, பாலத்துக்கு அப்பால். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இவர்கள் குடியிருந்த மூன்றாவது வீடு. கையில் ஸ்டார்ட்டரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாராம்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து வண்டியைப் பாத்துட்டு எடுத்துட்டுப் போவார்ம்மா" என்றாள் மகள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவருக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்த முடியவில்லை.

அந்த மோட்டார் சைக்கிள் வந்தது மகள் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. வரும்போது கறுப்பு, பிறகு பச்சை, பிறகு மனசு மாறி மறுபடி கறுப்பு. அந்த நகரத்தில் கட்டடங்கள் எந்தப் பக்கம் முளைத்தனவோ அந்தப் பக்கம் அவருக்கு வேலை. வேலை போன பக்கம் வீடு. இப்படியே ஏழு வாடகை வீடுகள். மனைவியும் சும்மா இருந்தவளில்லை. போன இடத்திலெல்லாம் பல் ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, பல்செட்டு செய்கிற வேலைக்குச் சேர்ந்துவிடுவாள். அவள் கைப்பட்ட பற்களோடு எத்தனையோ பேர் அந்த நகரத்தில் போட்டோவுக்குச் சிரித்திருக்கிறார்கள், மருமகளைத் திட்டியிருக்கிறார்கள். அவர் மட்டும் இன்னும் சொந்தப் பல்லோடு இருப்பது அவளுக்குத் தொழில்முறையில் ஒரு சின்னக் குறை.

முதல் தடவை வீடு மாறியபோது லாரிக்காரர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூள்தூளாக்கி இறக்கினார். புதிதாக ஒன்று வாங்கியதும் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள், இனி இது லாரியில் ஏறாது என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றலிலும் லாரி முன்னால் போகும், இவர்கள் வண்டியில் பின்னால் போவார்கள். ஒருபக்கமாக உட்கார்ந்து, கண்ணாடியை மடியில் படுக்கை வாக்கில் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொள்வாள். மறு கை அவர் தோளில். குனிந்து பார்த்தால் மடியில் வானம் இருக்கும். மரக்கிளைகளும் மின்கம்பிகளும் மாடி வீடுகளின் கைப்பிடிச் சுவர்களும் ஒவ்வொன்றாக மடிக்குள் வந்து முழங்கால் பக்கமாக வெளியேறும். வீடு மாறுவது என்றால் ஊரே அழுதுகொண்டு செய்கிற வேலை. அவளுக்கோ அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இன்னொரு தடவை மாறலாம் என்றிருக்கும்.

வழி சொல்வதும் அவள்தான். காற்றில் பேச்சு எடுபடாது என்பதால் தோளில் தட்டுவாள். இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது. முச்சந்தி வந்தால் அவர் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமல், "சொல்லு" என்பார். ஓட்டுவது மட்டும்தான் நான், டிரைவர் பின்னால் இருக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் கணவனின் முகத்தைப் பார்த்ததைவிடப் பிடரியைப் பார்த்ததுதான் அதிகம். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. அது அவருக்கே தெரியாது.

மகளுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு முறை வீடு மாறிய பிறகும் முதல் ஒரு வாரம் அவர் வேலை முடிந்து நேராகப் பழைய வீட்டுக்குப் போய்விடுவார். கேட் வரைக்கும் போய், அங்கே வேறு யாருடைய துணியோ காய்வதைப் பார்த்த பிறகுதான் உறைக்கும். முதல் தடவை திருதிருவென்று முழித்துக்கொண்டு வந்து ஒத்துக்கொண்டார். இரண்டாம் தடவை டயர் பஞ்சர் என்று கதை விட்டார். மூன்றாம் தடவையிலிருந்து அவளே அந்த வாரம் ஒரு மணி நேரம் தாமதமாக உலை வைத்தாள். உள்ளே வந்ததும், "போயிட்டு வந்துட்டீங்களா?" என்பாள். "ம்" என்று சட்டையைக் கழற்றுவார். 

"அப்பா எப்பவுமே அப்படித்தான்டி" என்றாள் இப்போது. வாரக் கணக்கையும், பஞ்சர் கதையையும், தாமதமாக வைத்த உலையையும் எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் காது மடல் சிவந்தது. மிக்ஸித் திருகாணி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஆராய்ந்தார். மகளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை.

"அது விட்டுட்டு வந்த வீடும்மா. இது மூணாவது வீடு. நடுவுல நாலு வீடு இருக்கு."

"எல்லாமே விட்டுட்டு வந்த வீடுதானே."

மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த மாதிரி விடைக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறவள் இல்லை. எழுந்து அம்மாவைக் கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே கதவுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி சுவரில் சாய்ந்து நின்றது. ஏழாவது வீட்டிலிருந்து இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்த கடைசி மாற்றலுக்கு மகள் ஆட்களை வைத்துவிட்டாள். கண்ணாடி மெத்தென்ற உறை சுற்றிக்கொண்டு லாரியிலேயே வந்து, ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு வண்டியில் ஏறி இரண்டு வருஷமாகியிருந்தது. அன்று அவள் காரில், மகள் பக்கத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு வந்தாள்.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போன் செய்த பெண் சொன்ன மிச்சத்தைச் சொன்னாள். அந்தத் தெரு ஒரு சரிவு. அப்பா மேலே திருப்பத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் வண்டியை உருள விட்டு இறங்கினாராம். வாசலில் காலை ஊன்றி நின்றாராம். வண்டி நின்றுபோய்விட்டதா என்று அந்தப் பெண் சத்தமாகக் கேட்டிருக்கிறாள்.

"வாய்ல விரலை வச்சு, மெதுவாப் பேசுங்கன்னாராம். அது என்னம்மா அது? எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அந்த மூன்றாவது வீடு ஒரு சின்ன அச்சகத்துக்கு மேலே இருந்தது. பகலெல்லாம் இயந்திரம் ஓடித் தரை மெல்ல அதிரும். அந்த அதிர்வுக்குக் கைக்குழந்தை சொக்கித் தூங்கும். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், வீறிட்டு எழுந்துவிடும். பிறகு தூங்கவைக்க ராத்திரியாகிவிடும். அச்சகக்காரர் மனைவிதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர். மூன்று மணிக்கு அவளைப் பல் ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும் அவர், திருப்பத்திலேயே எஞ்சினை அணைப்பார். வண்டி தானாக உருளும். காற்றும் டயரின் சரசரப்பும் மட்டும். அரை நிமிஷம்கூட இருக்காது. நாள் முழுக்க அரம் வைத்துத் தேய்த்துக் காதே மரத்துப்போன அவளுக்கு அந்த அரை நிமிஷம் ஒரு முழுத் தூக்கம். ஒன்றரை வருஷம், தினமும். வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தாயா என்று யாராவது கேட்டால் அவளுக்கு அந்தச் சரிவுதான் ஞாபகம் வரும்.

எதிரே இருந்த மகளைப் பார்த்தாள். காதோரம் நரை, மூக்குக் கண்ணாடி, கையில் சுண்ணக்கட்டித் தூள். நேற்று மூன்று மணிக்கு அவர் எழுப்பிவிடக்கூடாது என்று பயந்தது இவளைத்தான். அதைச் சொன்னால் மகள் உடைந்துபோவாள். அதோடு சாவி இனி அந்தப் பையை விட்டு வரவே வராது.

"கீழ யாராவது தூங்கிட்டிருப்பாங்கன்னு நெனச்சிருப்பார்" என்றாள்.

பொய் இல்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். உண்மையும் முழுசாக இல்லை. 

கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த வாரம் டாக்டரிடம் போவது, அதற்கு அவளும் மறுப்புச் சொல்லவில்லை. டாக்டர் என்ன சொல்கிறாரோ அதன்படி வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது. அதுவரை அப்பா தனியாக வண்டியை எடுக்கக்கூடாது.

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள் அவள்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படிம்மா ஏறுவ?"

"அது என் பாடு."

மகள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பின்பக்கக் கொக்கி தளர்ந்திருக்கிறது, சட்டம் போடுகிற கடையில் கொடுத்து முறுக்கிக்கொண்டு வரலாம் என்று சாக்கு. கட்டடத்து வாசலில் இரண்டு படி இருந்தது. அவர் வண்டியைப் படியோரம் ஒட்டி நிறுத்தினார். அவள் மேல்படியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவழியாக உட்கார்ந்துவிட்டாள். முட்டி ஒரு முறை சுரீரென்றது, பிறகு பழைய இடத்தைக் கண்டுகொண்டது. கண்ணாடியை மடியில் படுக்கவைத்தாள். மேலே நான்காம் மாடி பால்கனியில் நின்ற மகளின் பிம்பம் அதற்குள் விழுந்தது, பொம்மை அளவுக்கு.

"சரியா உக்காந்தியா?"

"ம், போங்க."

மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் முதுகுத்தண்டு வழியாக ஏறி அவள் தாடையில் வந்து நின்றது. பிடரியில் முடி வெளுத்திருந்தது. மச்சம் அப்படியே இருந்தது. மடியில் வானம் ஓட ஆரம்பித்ததும் அவளுக்குக் கண் கரித்தது. காற்றுதான் என்று வைத்துக்கொண்டாள்.

முச்சந்தி வந்தது. இடது பக்கம் நாலு கடை தள்ளிச் சட்டம் போடுகிற கடை, இங்கிருந்தே பலகை தெரிந்தது. வலது பக்கம் பாலம். அவர் வேகத்தைக் குறைத்து ஒரு காலை ஊன்றினார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. வழி தெரியாமல் நிற்கிறாரா, வழக்கப்படி காத்திருக்கிறாரா, பிடரியைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை வருஷம் படித்த பிடரி.

"சொல்லு" என்றார்.

அவள் கை அவர் தோள்மேல் ஒரு கணம் நின்றது. கடை எங்கேயும் ஓடிவிடாது. நேற்று முன்தினம் அவர் தனியாகப் போனார், வழி தப்பியவர் ஆகிவிட்டார். இன்றைக்கு அவள் சொல்லிப் போனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வலது தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பாலத்தின் இரும்புச் சட்டங்கள் கண்ணாடிக்குள் வந்து போயின. பிறகு தெரியாத புதுக் கட்டடங்கள், பிறகு கொஞ்சம் தெரிந்த பழைய கட்டடங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் "சொல்லு" என்றார், அவள் சொன்னாள். மூன்று மணி வெயில். தெருமுனை வந்தபோது அச்சகம் இருந்த இடத்தில் சலவைக் கடைப் பலகை மேலிருந்தே தெரிந்தது. அவர் கை சாவியை நோக்கி நகர்ந்து, பாதியில் நின்றது. கூச்சப்படுகிற மாதிரி இருந்தது. அவள் காதோரம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அணைச்சிடுங்க. பாப்பா தூங்கிட்டிருப்பா."

அவர் தோள் இளகியது. சாவி திரும்பியது. எஞ்சின் அடங்க, வண்டி தன் போக்கில் சரிவில் இறங்கியது. டயரின் சரசரப்பு மட்டும் கேட்டது. அவள் மடியில் ஒரு மேகமும் இரண்டு கம்பிகளும் ஒரு மாடி ஜன்னலும் சத்தமில்லாமல் உருண்டு வந்துகொண்டிருந்தன.