சொந்தக்காரி கேட்ட விலை

நிக் கலிரிஸ் வந்ததும் வீட்டுக்குள் நுழையவில்லை. வேலியோரமாகவே நடந்து பின்மூலை வரை போய்ப் பார்த்துவிட்டு, காலணியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"அருமையான மனை, லியோனி. கடலுக்கு நடந்தே போயிடலாம். தாராளமா ரெண்டு வீடு கட்டலாம்."

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கு நிக். உங்க முதுகுக்குப் பின்னாடி."

"தெரியுது தாயே. அதை எப்படி மறைச்சு விக்கறதுன்னுதான் யோசிக்கறேன்."

பியூமாரிஸ் என்ற இந்தக் கடலோரப் புறநகரில் நாங்கள் சீர்செய்த வீடுகள் எல்லாவற்றையும் விற்றுக்கொடுத்தவர் அவர்தான். நாங்கள் என்றால் நானும் என் அக்கா கோரலியும். அந்த வருடம் குளிர்காலத் தொடக்கத்தில் அவள் இறந்துபோனாள். வீடு பாதியில் நின்றது. மிச்ச வேலையை நான் தனியாக முடித்து, வசந்தம் வந்ததும் நிக்கைக் கூப்பிட்டேன்.

அவள் பள்ளியில் மரவேலை கற்றுக்கொடுத்தவள். நான் நூலகத்தில் இருந்தவள். இருவருக்கும் கணவன்மார் என்று சொல்லிக்கொள்ள யாரும் மிஞ்சாத வயதில், தட்டைக் கூரையும் நீண்ட உத்தரங்களும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியுமாக ஐம்பதுகளில் கட்டப்பட்ட ஒரு வீட்டைச் சேர்ந்து வாங்கினோம். அதைச் சரிசெய்து விற்றோம். அந்தப் பணத்தில் இன்னொன்று. எங்கள் வேலை பெரும்பாலும் எதையும் சேர்ப்பதல்ல, எடுப்பது. பின்னால் வந்தவர்கள் ஒட்டிய அலுமினியத் தகட்டை எடுப்போம், உத்தரத்தை மறைத்த பொய்க்கூரையை எடுப்போம், கண்ணில் பட்ட மரத்துக்கெல்லாம் பூசிய சாணிப் பழுப்பைச் சுரண்டுவோம். எல்லாவற்றையும் எடுத்து முடித்த அன்று வீட்டுக்குள் வெளிச்சம் வரும். அதற்காகத்தான் அத்தனை தூசியும்.

இரண்டாவது வீட்டை வாங்கிய தம்பதி, கையெழுத்துப் போடும்போது கோரலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த உத்தரத்தைப் பாத்துதான் மயங்கிட்டோம்" என்றார்கள். அடுத்த கோடையில் அந்தத் தெரு வழியாகப் போனோம். தகர வேலி போட்டிருந்தார்கள். இடுக்கில் எட்டிப் பார்த்தால் வெறும் மணல்; ஓரத்தில் டீ-ட்ரீ என்னும் கடற்கரை மரம் ஒன்று மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"மயக்கம் தெளிஞ்சிருச்சு போல" என்றாள் கோரலி. வண்டியை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் அவள் போனதே இல்லை. பின்னால் அப்படிப் போகக் கூடாத தெருக்கள் இன்னும் இரண்டு சேர்ந்தன. பாலாடைக்கட்டி வாங்குவதற்கே சுற்றிப் போக வேண்டியிருந்தது.

இந்த வீட்டை இடிக்க விடக் கூடாது என்பது நானாக எடுத்த முடிவு. கோரலி என்னிடம் வாக்கு எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, "எவனோ ஒருத்தன் தலையில கட்டிட்டு நீ நிம்மதியா இருடீ" என்றுதான் சொன்னாள். அவள் சொன்ன பலவற்றை நான் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை.

நகராட்சியிடம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போனேன். கட்டியவர் பெயர்பெற்றவர் அல்ல என்று மறுத்துவிட்டார்கள். விற்பனைப் பத்திரத்திலேயே இடிக்கக் கூடாது என்று எழுதலாமா என்று நிக்கைக் கேட்டேன்.

"எழுதலாம். அப்புறம் நீங்களே குடியிருக்கலாம். எவனும் வரமாட்டான்."

குடியிருக்கவும் வழியில்லை. வங்கிக் கடன் கழுத்தைப் பிடித்திருந்தது. விற்றே ஆக வேண்டும். ஏலத்தில் விட்டே ஆக வேண்டும். எங்கள் பக்கம் நல்ல மனை எல்லாம் சனிக்கிழமை காலையில் நடுத்தெருவில்தான் கைமாறும்.

"சரி, அந்த முன்கதவையாவது சாம்பல் நிறமாக்குங்க" என்றார் நிக். "எல்லாரும் சாம்பல்தான் கேக்கறாங்க. இது என்ன இளஞ்சிவப்பு? பொம்மை வீடு மாதிரி."

"முடியாது."

அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து வீடுகளில் முன்கதவு மட்டும் பளிச்சென்று இருக்கும். அதனால் எங்களைப் போன்றவர்கள் முதலில் சுரண்டிப் பார்ப்பது முன்கதவைத்தான். கோரலி அறுவைக்கத்தியால் ஒரு ஓரத்தில் பூச்சுகளை ஒவ்வொன்றாக உரித்தாள். பழுப்பு, பச்சை, வெள்ளை, எல்லாவற்றுக்கும் அடியில் இளஞ்சிவப்பு. "லியோனி, ஓடியா! மனுஷன் சாயங்கால வானத்தையே கதவுல பூசியிருக்கான்!" என்று கத்தினாள். அந்தச் சில்லைப் பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோய் அதே நிறம் கலக்கச் சொன்னாள். ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவில், உட்கார்ந்து உட்கார்ந்து பூசினாள். அவள் கையால் செய்த கடைசி வேலை அது.

அவள் மருத்துவமனைக்குப் போன பிறகு துணிதுவைக்கும் அறையின் சன்னல் சட்டத்தைச் சுரண்டினேன். அடியில் அதே இளஞ்சிவப்பு. மின்மீட்டர் பெட்டியைச் சுரண்டினேன். அதிலும். வானமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரைமர். அந்நாளில் மரத்துக்கு முதலில் அடிக்கும் பூச்சு இங்கெல்லாம் அந்த நிறத்தில்தான் இருந்தது. எங்களுக்குத் தெரியாத விஷயமே அல்ல. எத்தனையோ சன்னலில் பார்த்திருக்கிறோம். ஆனால் முன்கதவில் ஒரு நல்ல நிறம் கிடைக்க வேண்டும் என்று தேடியதால் கிடைத்துவிட்டது.

அவளிடம் போய்ச் சொன்னேன். கட்டில் குலுங்கச் சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அப்போ வீட்டோட ஜட்டியை வாசல்ல காயப் போட்டிருக்கோம்னு சொல்லு!"

"மாத்திடட்டுமாடீ?"

"விடுடீ. ஜட்டி நல்லாத்தானே இருக்கு."

இதையெல்லாம் நிக்கிடம் நான் சொல்லவில்லை. கதவு அப்படியே இருந்தது.

ஏலத்துக்கு முந்தைய சனிக்கிழமைகளில் வீட்டைத் திறந்துவைத்தோம். புரூயிட் என்பவர் மனையை அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வேலியோரமாகப் போனார், வந்தார். அந்த வட்டாரத்தில் பழைய வீடுகளை இடித்துவிட்டு அவர் கட்டிய இரட்டை வீடுகள் நிறைய. மரியாதையான மனிதர், என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார். உள்ளே வந்து பாருங்கள் என்றேன்.

"எதுக்கு மேடம் உங்க தரையை அழுக்காக்கணும்? எனக்கு உள்ள வேலை இல்ல."

அதே சனிக்கிழமை யென் என்ற பெண் கணவன் ஹமிஷுடன் வந்தாள். அவளுக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எல்லாரும் அலமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் கண்ணாடிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹமிஷ் கூச்சத்துடன் என்னைப் பார்த்தான். "எழுந்திரு யென், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இவ்வளவு காசு கேக்கறாங்க, உக்காந்து பாக்கக் கூடாதா?" என்னிடம் திரும்பினாள். "நிஜத்தைச் சொல்லுங்க. தட்டைக் கூரை. மழை பெஞ்சா ஒழுகுமா?"

"ஒழுகும். எந்த மூலையிலன்னு காட்டறேன், வாங்க."

நிக் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "இப்படி வியாபாரம் பண்ற ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல!"

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர்கள் வந்தார்கள்.

ஏலத்துக்கு முந்தைய நாள் நிக்கிடம் விதிகளைக் கேட்டேன். நான் முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் அடிவிலையை யாராவது எட்டினால் வீடு அவருக்கு. ஒருவரும் எட்டாவிட்டால் வீடு விற்காமல் நிற்கும். ஆனால் கடைசியாக அதிகம் கேட்டவருக்கு முதலில் உள்ளே உட்கார்ந்து பேரம் பேசும் உரிமை. அதுவரை மற்றவர்கள் தெருவில் நிற்க வேண்டும்.

"அந்தக் கடைசி ஆள் புரூயிட்டா இருந்தா?"

"அவர் உள்ள வருவாரு. அடிவிலையைத் தரேம்பாரு. கதை முடிஞ்சது."

"கடைசியா கேட்டது நானா இருந்தா?"

நிக் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தக்காரங்க சார்பா நான் கேக்கலாம். சட்டத்துல இடமிருக்கு. ஆனா இது சொந்தக்காரங்க விலைன்னு சத்தமா சொல்லித்தான் கேக்கணும். மந்தமா இருக்கற ஏலத்தைச் சூடாக்கத்தான் செய்வோம். ஏலத்தை முடிக்கறதுக்கு எவனும் செய்யமாட்டான்."

"அப்படி முடிஞ்சா?"

"யாருக்கும் முதல் உரிமை இல்ல. நீங்க யாரை வேணா உள்ள கூப்பிடலாம்." என்னை உற்றுப் பார்த்தார். "லியோனி, அடிவிலை வரைக்கும்தான் அந்த வித்தை. புரூயிட் அதைத் தாண்டிட்டா வீடு அவருக்குத்தான். அழுதாலும் திரும்பாது."

"அப்போ அடிவிலையை ஏத்தி எழுதுங்க."

சனிக்கிழமை நல்ல வெயில். தெருவே வந்துவிட்டது. வாங்க வந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தங்கள் வீடு என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள, காப்பிக் கோப்பையும் நாயுமாக வந்தவர்கள். ஒருவர் மடக்கு நாற்காலியே கொண்டுவந்திருந்தார். வழக்கப்படி சொந்தக்காரி வெளியே வரக் கூடாது. நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"வாயைத் திறந்து கேளுங்க!" நிக்கின் குரல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. "சும்மா தலையைச் சொறிஞ்சீங்கன்னா, வீட்டை உங்க தலையில கட்டிடுவேன்!"

முதல் விலையை யென்தான் கேட்டாள், சந்தையில் கேட்பதுபோல் ஓங்கி. புரூயிட் சுருட்டி வைத்திருந்த தாளை லேசாக உயர்த்தினார். இன்னொருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து கழன்றுகொண்டார். பிறகு அவர்கள் இருவர்தான். யென் கேட்கக் கேட்க, ஹமிஷ் அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியாக அவள் கை பாதி உயர்ந்து நின்றது. பிறகு தலையை ஆட்டிவிட்டாள். தாளை உயர்த்திய புரூயிட்டிடமே விலை நின்றது. அடிவிலைக்கு இன்னும் இடைவெளி இருந்தது.

சொந்தக்காரரிடம் கேட்டுவருகிறேன் என்று நிக் உள்ளே வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

"அவர் நல்ல விலைல நிக்கறாரு. அடிவிலையைக் கொஞ்சம் இறக்குங்க, இப்பவே முடிச்சிடறேன்."

"என் சார்பா விலை கேளுங்க."

"அவர் மேல கேட்டா?"

"நீங்களும் மேல கேளுங்க."

"அவர் அடிவிலையைத் தொட்டுட்டாருன்னா?"

நான் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டினேன். நிக் அதைக் குடித்துவிட்டு வெளியே போனார்.

"புது விலை வந்திருக்கு. இது சொந்தக்காரங்க சார்பா நான் கேக்கற விலை!"

தெரு முணுமுணுத்தது. நாற்காலிக்காரர் எழுந்தேவிட்டார். புரூயிட் சிரித்தார்.

"என்ன நிக், அந்த அம்மா தன் வீட்டைத் தானே வாங்கறாங்களா?"

"அவங்க இஷ்டம் சார். நீங்க மேல கேக்கறீங்களா?"

புரூயிட் வீட்டைப் பார்த்தார். முதல்முறையாக வீட்டைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நிக் ஒருதரம் என்றார். இரண்டுதரம். தெருவில் வேறு ஆள் இல்லை, கிழவி எங்கே போய்விடப் போகிறாள், பிறகு பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"மூணுதரம். வீடு விக்கல."

புரூயிட் நேராக வாசலுக்கு வந்தார். நான் கதவைத் திறந்து நிலையில் நின்றேன்.

"விளையாட்டு முடிஞ்சுதா மேடம்? உங்க அடிவிலை என்னவோ அதை அப்படியே தரேன். பேரமே இல்ல."

அவருக்குப் பின்னால் நின்ற நிக் கண்களாலேயே என்னைக் கெஞ்சினார். அது சின்னப் பணம் அல்ல. இன்னொரு வீடு வாங்கலாம், இன்னும் சில வருடம் தூசியிலும் வெளிச்சத்திலும் கழிக்கலாம்.

"வேண்டாம்."

"என் காசுல என்ன குறை?"

"காசுல ஒரு குறையும் இல்ல. நீங்க உள்ள வரவே இல்ல."

"இப்ப வரட்டுமா?"

"இப்ப வேற ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் வழி விடறீங்களா?"

யென்னும் ஹமிஷும் நடைபாதை ஓரத்தில் காருக்குப் போவதா வேண்டாமா என்று நின்றிருந்தார்கள். கையசைத்துக் கூப்பிட்டேன்.

சமையலறை மேடையைச் சுற்றி உட்கார்ந்ததும் அவர்கள் தங்களால் முடிந்த கடைசி விலையைச் சொன்னார்கள். புரூயிட் தெருவில் கேட்டதைவிட அது குறைவு. வங்கிக் கடனை அடைக்கும்; இன்னொரு வீட்டுக்குப் போதாது.

"லியோனி, ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றார் நிக்.

"இங்கயே சொல்லுங்க."

"வெளிய ஒரு மனுஷன் இதைவிட எவ்வளவோ அதிகம் தரத் தயாரா நிக்கறாரு. சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிட்டேன்."

"கேட்டுட்டேன்." யென்னிடம் திரும்பினேன். "இடிச்சிடுவீங்களா?"

"இடிக்கறதுக்கும் காசு வேணும்ல!" என்றாள் அவள். பட்டென்று சொன்னாள், சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உத்தரத்தைப் பார்த்து மயங்கினோம் என்றவர்களைவிட எனக்கு இந்தப் பதில் போதுமானதாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மை காய்ந்ததும் ஹமிஷ் தொண்டையைச் செருமினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சமையலறைச் சுவரை மட்டும் எடுத்துட முடியுமா? மார்ச்சுல எங்களுக்குக் குழந்தை. இங்க நின்னு சமைச்சா, அது அந்தப் பக்கம் தவழ்றது தெரியாது."

யென் அவன் காலை மிதித்தாள். "இன்னும் சாவியே வாங்கல, அதுக்குள்ள!"

அந்தச் சுவரில்தான் கோரலி முந்தின வருட இலையுதிர்காலம் முழுவதும் உட்கார்ந்து திரும்பச் செய்த அலமாரிகள் இருந்தன. ஒரு ஆணிகூடத் தெரியாது. நான் எழுந்து போய் அதன் மேல் கை வைத்தேன். பிறகு விரல் முட்டியால் தட்டினேன். உள்ளே வெற்றுச் சத்தம் கேட்டது.

"எடுக்கலாம். இது கூரையைத் தாங்கல."

"நிஜமாவா?"

"அலமாரியை உடைக்காம கழட்டணும். கீழ இருந்து ஆரம்பிக்கணும், மேல இருந்து இல்ல. கழட்டறதுக்கு முந்தி எனக்குச் சொல்லுங்க, ஸ்க்ரூடிரைவரோட வரேன்."

யென் எழுந்து வந்து பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "அப்போ இது?"

"அதுல கை வெச்சீங்கன்னா கூரை உங்க தலையில."

"இது?"

"அதுவும் கூடாது. வாங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்."

நிக் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் சுவர்களைத் தட்டிக்கொண்டே படுக்கையறைப் பக்கம் போனோம்.