அஞ்சலாவின் போனில் இருந்த புள்ளிகள்

படகுகளுக்கான புதிய செயலியில் ஒரு கட்டம் இருந்தது: வீட்டாரின் தொலைபேசி இலக்கம். படகு எங்கே நிற்கிறது என்று அந்த இலக்கத்துக்குக் காட்டும். ஆபத்து என்றால் மணி அடிக்கும். மன்னார்த் தீவின் தெற்குக் கரையிலிருந்த அந்த மீனவர் சங்கத்தில் ஒருவர்கூட மனைவியின் இலக்கத்தைக் கொடுக்கவில்லை. கடலுக்கடியில் மீன் அடையும் பார் எங்கே கிடக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்தால் அவள் தமையனுக்கும் தெரியும், விடிவதற்குள் அவன் வலை அங்கே கிடக்கும் என்ற பயம். எல்லோரும் சங்கத்தின் இலக்கத்தைக் கொடுத்தார்கள். சங்கக் கந்தோர் நம்பர்தானே, சும்மா கட்டத்தை நிரப்புவதற்கு. அது சங்கச் செயலாளர் அஞ்சலாவின் கைப்பைக்குள் கிடந்த போனின் இலக்கம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

காற்றுக் கிளம்பிய ஒரு விடியற்காலை, கணவன் றெனால்ட் எங்கே நிற்கிறான் என்று பார்க்கத்தான் அவள் அதைத் திறந்தாள். ஊரின் படகுகள் எல்லாம் புள்ளிகளாகக் கிடந்தன. மற்றவர்களின் புள்ளிகள் எந்தப் பாரில் நிற்கின்றன என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை. கணவனுடையதைத்தான் பிறகும் பார்த்து வந்தாள்.

அந்தக் கரையில் நல்ல படகோட்டி என்று பெயர் எடுத்தவன் றெனால்ட். அவன் புள்ளி இப்போதெல்லாம் திரும்பும் நேரத்தில் கரைக்கு அப்பால் அசையாமல் நின்றது. அதே சங்கத்து றொசாந்தனின் படகு திரும்பியதும் அதன் பின்னால் வந்தது. றொசாந்தன் பிந்தினால், கரைக்கு வழி காட்டும் காற்றாலைகளுக்கு எதிரே முன்னும் பின்னுமாக அலைந்தது. வீட்டில் அவன் மீன் முள்ளை விரலால் தடவிப் பார்த்தே வாயில் வைப்பதை அவள் கவனித்தாள். கண் மங்குகிறது. அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முற்றத்து விளக்கை இருட்டுமுன் வெள்ளனவே போட்டாள். அவன் செருப்பை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் மீன்பிடித் திணைக்களத்திலிருந்து வரைவு வந்தது: மீன்பிடிப் படகுகளின் இணையப் பாதுகாப்பு விதிகள். செயலி எல்லாப் படகுக்கும் கட்டாயம். படகு போன தடங்களைச் செயலியைச் செய்த கம்பனி வைத்திருக்கலாம். ஓட்டியின் தகுதியை மதிப்பிட, காப்புறுதி நிறுவனம் உட்படப் பங்காளிகளுக்குக் கொடுக்கலாம். அந்த வரியை அஞ்சலா திரும்பத் திரும்ப வாசித்தாள். அவன் தடுமாறிய தடம் காப்புறுதிக்காரனின் கைக்குப் போனால் றெனால்டுக்கு இனிப் படகு இல்லை.

கருத்துக் கேட்கும் கூட்டம் மாதா கோயில் மண்டபத்தில் நடந்தது. திணைக்கள அதிகாரி இராசேஸ்வரியோடு கம்பனியின் சார்பில் நிதர்சன் வந்திருந்தான்.

"மிஸ், இந்த வரைவை எழுதினது ஆர்?" என்று அஞ்சலா கேட்டாள்.

"திணைக்களம்தான். தொழில்நுட்ப விசயத்துக்குக் கம்பனி உதவினது."

"ஒரு இடத்தில 'எங்கள் வாடிக்கையாளர்கள்' எண்டு கிடக்கு. திணைக்களம் எப்ப கடை திறந்தது?"

மண்டபம் சிரித்தது. இராசேஸ்வரி தாளைப் புரட்டிவிட்டு நிதர்சனைப் பார்த்தார்.

"தட்டச்சுப் பிழை அக்கா," என்றான் அவன்.

றொசாந்தன் எழும்பினான். "கொழும்பில இருக்கிறவன் பாத்தால் பாக்கட்டும் பிள்ளை. அவன் வள்ளம் கொண்டுவந்து என்ர பாரில வலை விடப்போறானே? கையெழுத்தை வைச்சிட்டுப் போவம்."

"அதுதான்," என்றான் நிதர்சன். "இதால ஆருக்குக் கேடு? ஒரு உதாரணம் சொல்லுங்கோ அக்கா."

உதாரணம் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தது. நிதர்சன் சுவரில் ஒளிரவிட்டிருந்த எழுத்துகளை வாசிக்க முடியாமல், மற்றவர்கள் சிரித்த பிறகு தானும் சிரித்துக்கொண்டிருந்தான் றெனால்ட். அவள் சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்வார். நாளைக்கு அவன் படகில் ஏற ஆள் வராது.

அவள் போனை எடுத்தாள். "றொசாந்தன் அண்ணை, நேற்று விடிய நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டு சொல்லட்டோ?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நீங்கள் குடுத்தது என்ர நம்பர். எல்லாற்ற புள்ளியும் என்னட்டத்தான் கிடக்கு."

"எடியே, மூடடி அதை!"

கதிரைகள் இழுபட்டன. "அப்ப றெனால்டுக்குக் கொண்டாட்டம்தான்," என்றது ஒரு குரல். றொசாந்தன் திரும்பினான். "ஓமடாப்பா! கொஞ்ச நாளாய் அவன் என்ர வாலைப் பிடிச்சுக்கொண்டெல்லோ வாறான்!"

றெனால்ட் தலையைக் குனிந்தான். அவனை மறைக்கப் போய் அஞ்சலா அவனையே முன்னால் இழுத்து விட்டிருக்கிறாள்.

"உங்கட பார் ஒண்டையும் அவருக்கு நான் சொல்லேல்லை. மாதா அறிய உண்மை," என்றாள். "அவரின்ர பாரை உங்களுக்கும் சொல்லமாட்டன். இப்ப உங்களுக்குக் காவல் என்ர வாய் மட்டும்தான். கம்பனிக்கு என்ன காவல் எண்டு கேளுங்கோ." காப்புறுதி பற்றிய அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள்.

றொசாந்தன் மேசையருகே வந்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தான்.

"இன்சூரன்ஸ்காரனுக்கோ?" என்றான் றொசாந்தன். கையெழுத்துக்கு எடுத்த பேனையை மேசையில் வைத்தான். "மிஸ், எங்களுக்குச் சம்மதமில்லை எண்டு எழுதுங்கோ."

"'அவதானிப்பு' எண்டு போடலாம்," என்றான் நிதர்சன், அதிகாரியின் பக்கம் சாய்ந்து.

இராசேஸ்வரி "எதிர்ப்பு" என்று எழுதி அடிக்கோடிட்டார். அது கொழும்பில் என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை.

வெளியே மோட்டார் சைக்கிளருகே வந்ததும் றெனால்ட் சாவியை அஞ்சலாவிடம் நீட்டினான். அவள் ஓட்ட, அவன் பின்னால் இருந்தான். கரையோர வீதிக்கு வந்தார்கள்.

"நீ எல்லாம் பாத்திருப்பாய்," என்றான்.

"புள்ளியைத்தான் பாத்தனான். நீங்கள் சொல்லுங்கோ."

அவன் கை அவள் தோளில் வந்து நின்றது. "முதல் புகை மாதிரி இருந்தது. பிறகு கரையில நிக்கிற காத்தாடியெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு... வாற வழியெது எண்டு எனக்கு..."

அவள் வேகத்தைக் குறைத்தாள், அவன் சொல்வதைக் காற்று கொண்டுபோகாதபடி.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டாள்.