காலையில்தான் படகு

மணலில் டென்ட் முளை நிற்கவே இல்லை. பாப்பா அடிக்க அடிக்க அது பல் ஆடுவதுபோல ஆடியது, காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் பிடுங்கிக்கொண்டு வந்தது. கிளம்பப் போன படகுக்காரர்தான் திரும்பி வந்தார். "முளையெல்லாம் இங்க வேலைக்கு ஆகாதும்மா. பையில மணலை ரொப்பி, கயித்தைக் கட்டிப் புதைச்சிடணும்" என்று நாலு மூலையிலும் தானே புதைத்துக் கொடுத்தார். பிறகு படகைத் தள்ளி ஏறிக்கொண்டு, "காலையில வர்றேன். அதுவரைக்கும் ராஜாங்கம் உங்களோடதுதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். தீவில் மிச்சம் இருந்தது பாப்பாவும் அவள் அண்ணியும் தென்னைகளும்தான். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

நாற்பத்து மூன்று வயது, காதோரம் நரை, குனிந்தால் முட்டி வலி. இருந்தும் வீட்டில் அவள் பாப்பாதான். அதில் எல்லாருக்கும் ஒரு வசதி உண்டு. எந்த முடிவையும் பாப்பாவைக் கேட்டு எடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போனபோது கண்ணாடிக் கடை வேலையை விட்டவள். அதற்கப்புறம் அவர் கட்டிலைத் தாண்டி அவள் போனதெல்லாம் மருந்துக் கடை வரைக்கும்தான். கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, அப்புறம் வரவே இல்லை. அப்பாவோ உதட்டைப் பூட்டிக்கொண்டால் பூட்டிக்கொண்டதுதான், டாக்டரே கெஞ்சினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. கட்டில் கம்பியில் டம்ளரை இரண்டு தடவை தட்டினால் மட்டும் வாய் திறக்கும். இதைக் கண்டுபிடித்தது பாப்பா. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுவாள், அவர் வாயைத் திறந்ததும் "பாத்தீங்களா!" என்பாள். ஊர் உலகத்தில் அவளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை அது ஒன்றுதான். வேறென்ன இருந்தது அவளிடம்?

அதனால் அண்ணி, "நீயும் மனுஷிதானே, ஒரு நாள் தீவுக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கிட்டு வரலாம் வா. உங்கண்ணன் லீவு போட்டு மாமாவைப் பாத்துப்பாரு" என்று கூப்பிட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றே நலம் விசாரிக்கிற அண்ணன் லீவு போடுகிறானாம்! அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. புதுச் செருப்பு வாங்கக் கடைக்கு ஓடினாள்.

மத்தியானம் முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். அப்புறம் டென்டுக்குள் படுத்தவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். எத்தனை வருஷமாயிற்று இப்படித் தூங்கி! எழுந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணி சின்ன அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"டம்ளரைத் தட்டணும்னு அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். மறந்திருப்பான் பாருங்க, மறதி மன்னன்" என்றாள் பாப்பா.

"அதெல்லாம் அங்க நர்ஸுங்க பாத்துப்பாங்க" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்ன அண்ணி, சட்டென்று ஆற்றுவதை நிறுத்தினாள்.

"எங்க?"

அண்ணி நிமிரவில்லை.

"அண்ணி, எங்க?"

"நல்ல இடம் பாப்பா. வயசானவங்களைப் பாத்துக்கற இடம். மத்தியானம் வண்டி வந்திருக்கும். உன் முன்னாடி செஞ்சிருக்க முடியுமா, சொல்லு? வண்டிக்குக் குறுக்க படுத்திருப்பே."

"அதான் கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"உனக்காகத்தான்."

பாப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோரமாக ஓடினாள். பாறைமேல் ஏறினாள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். தீவைச் சுற்றி வந்தால் மறுபடி அதே டென்ட், அதே அண்ணி, அதே ஆறிப்போன டீ. கோபத்தில் அறைந்து சாத்தக்கூட டென்டுக்குக் கதவு கிடையாது, ஜிப்தான். அதையும் நிதானமாகத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

ராத்திரி இரண்டு பேரும் ஒரே டென்டில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். அண்ணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாப்பா வாங்கவில்லை. அங்கே அப்பா உதட்டைப் பூட்டிக்கொண்டு தாகத்தோடு கிடப்பார், யார் தட்டப் போகிறார்கள்? இங்கே தான் குடிப்பதா? அண்ணன்மேல் வந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது, மத்தியானத் தூக்கத்தை நினைத்தால்தான் பொறுக்கவில்லை. அப்பாவை வண்டியில் ஏற்றியபோது நான் இங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். சீ!

விடிந்து படகு வந்தது. புதைத்த பைகளைத் தோண்டி எடுக்க அவள் கை வைக்கவில்லை. அண்ணியும் படகுக்காரரும் டென்டைச் சுருட்டும்வரை படகிலேயே உட்கார்ந்திருந்தாள். பாதிக் கடலில் போனுக்கு உயிர் வந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, கோபப்படாதே, நான் அப்பாகூட இங்கதான் இருக்கேன், அவர் நல்லா…"

"நர்ஸ்கிட்ட குடு."

புதுக் குரல் ஒன்று வந்தது. பாப்பா மூச்சுவிடாமல் சொன்னாள். "சிஸ்டர், டம்ளரைக் கட்டில் கம்பியில ரெண்டு தடவை தட்டணும். அப்பத்தான் வாயைத் திறப்பார். அவரா திறக்க மாட்டார். தயவுசெஞ்சு…"

"தட்டணுமா? எதுக்கும்மா? வந்ததுமே தண்ணி குடுத்தோம், மடக்மடக்னு குடிச்சாரே! ராத்திரி சாப்பாடும் மிச்சம் வைக்கலை. தங்கமான மனுஷன், ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க நிம்மதியா வாங்க."

போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். வருஷக்கணக்காக வீட்டுக் கட்டில் கம்பியில் தட்டித் தட்டிப் பெயின்ட் உதிர்ந்து ஓரிடம் பளபளவென்று இருக்கும். தினமும் அதைத் துடைத்து வைப்பாள்.

"என்னம்மா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் படகுக்காரர், சுக்கானைப் பிடித்தபடி.

அண்ணி பக்கத்தில் நகர்ந்து வந்து பாட்டிலைத் திறந்தாள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு வாய்கூடக் குடிக்கலை. குடி பாப்பா" என்று உதட்டருகே கொண்டுவந்தாள். படகு தூக்கிப் போட்டதில் தண்ணீர் தளும்பிப் பாப்பாவின் தாடையிலும் கழுத்திலும் வழிந்தது. அண்ணி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

பாப்பா வாயைத் திறக்கவில்லை.