இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி

சின்ன டிராக்டருக்குப் பின்னால், சுற்றும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டுவது தனி ஆள் வேலையில்லை. ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். இன்னொருவர் கீழே குனிந்து துளைக்கு நேராகத் துளை வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பால்காரர் வீட்டில் அன்று காலை அவர் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் கடையிலிருந்து வந்த ஃபிட்டர் மண்ணில் முழங்கால் போட்டிருந்தார். பால்காரரின் மனைவி தொழுவத்து வாசலில் வாளியோடு நின்று இரண்டு பேருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி. போதும். போதும்னா போதும் தம்பி, என் விரல் உள்ள இருக்கு."

"போதும்ங்கிறது அவர் காதுல விழாதுண்ணே," என்றார் மனைவி. "சாப்பாட்டுலயும் அப்படித்தான். அப்படித் தின்னும் உடம்புல ஒட்டல பாருங்க."

உண்மைதான். பால்காரர் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்க மாட்டார். காற்றடித்தால் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் நிலம். ஆறு மாடுகளுக்கும் அங்கேதான் புல் வளர்த்தார்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இடுப்பு ஒடிந்த பிறகுதான் டிராக்டர் வாங்கினார்கள். வண்டியை வாங்கியதும், அதற்கு என்னென்ன மாட்டுவது என்ற பேச்சு வீட்டில் மூன்று வாரம் ஓடியது. கடைக்காரர் கொடுத்த பட்டியலில் முன்னால் மாட்டும் பக்கெட், புல்வெட்டி, ரோட்டவேட்டர், குழி தோண்டி, மண் நிரவும் பலகை என்று ஐந்து சாமான்கள் இருந்தன. பால்காரருக்கு ஐந்தும் வேண்டும். அதிலும் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் இருப்பதுபோல ஐந்தடி ரோட்டவேட்டர்தான் வேண்டும்.

அதைத் தடுத்தது ஃபிட்டர்தான். "அவர் வண்டி பெருசு தம்பி. உங்களுது சின்னது. பின்சக்கரத்தோட தடம் மறையற அளவுக்கு அகலம் இருந்தா போதும், நாலடி. அதுக்கு மேல மாட்டினா வண்டி திணறும், தூக்கும்போது முன்சக்கரம் மேல வரும். குழி தோண்டி எதுக்கு? வேலிக்கு நாப்பது குழி தோண்டப் போறீங்க, அதோட சரி. ரெண்டு நாள் வாடகைக்கு எடுங்க. பக்கெட்ல சாணி அள்ளும்போது மட்டும் பின்னாடி ஒரு கனம் மாட்டியே இருக்கணும். இல்லன்னா வண்டி மூக்குக் குப்புற விழும்."

கடைக்காரர் காதில் விழுந்திருந்தால் ஃபிட்டருக்கு வேலை போயிருக்கும். விற்கிற ஆள் விற்காதே என்று சொன்னால் யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனாலும் சொன்னார். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஒரு நட்டு தளர்ந்திருந்தால் கண் அங்கேதான் போகும். இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. கெட்டவர்களால்தான் கெடுதல் வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாட்டி முடித்ததும் ஓட்டிப் பார்த்தார்கள். மேடுபள்ளமான நிலம். பத்தடி போனதும் எஞ்சின் நின்றது. மறுபடி கிளப்பினார்கள். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது பால்காரரின் மனைவி சிரித்துவிட்டார்.

"உங்கள ஆளாவே மதிக்கலங்க அது."

அதுதான் நடந்தது. அந்த வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். பின்னால் ரோட்டவேட்டர் சுற்றும்போது ஆள் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். சுற்றுகிற கத்திக்குப் பக்கத்தில் யாரும் இறங்கிப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பால்காரர் கனமில்லாத ஆள். மேட்டில் ஏறும்போது இருக்கையிலிருந்து கொஞ்சம் எம்பினார். ஆள் இறங்கிவிட்டதாக வண்டி நினைத்துக்கொண்டது.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. இருக்கையைக் கழற்றி, அடியிலிருக்கும் ஸ்பிரிங்கை ஓட்டுகிறவரின் கனத்துக்குத் தளர்த்தி, ஸ்விட்சைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். அரை மணி நேரம் ஆகும். ஃபிட்டருக்கு அது தெரியும். அன்று அவர் போக வேண்டிய வீடு இன்னும் மூன்று இருந்தது. முழங்கால் வீங்கியிருந்தது. 'வண்டி நிக்குது' என்று இந்த வீட்டிலிருந்து நாளைக்கு அழைப்பு வந்தால் மறுபடி ஒரு நடை, கடைக்காரரிடம் மறுபடி ஒரு பேச்சு.

பால்காரர் அவிழ்ந்துகொண்ட கன்றைக் கட்டப் போயிருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். ஃபிட்டர் பையிலிருந்து விரல் நீளக் கம்பி ஒன்றை எடுத்து ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, மேலே டேப் சுற்றினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இனி இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்கு ஒன்றுதான்.

பால்காரர் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை.

"என்னண்ணே பண்ணீங்க?"

"அடில ஒரு கம்பி போட்டிருக்கேன். இனிமே நிக்காது. இறங்கும்போது ரோட்டவேட்டர நிறுத்திட்டு இறங்குங்க." இதைச் சொல்லும்போது ஃபிட்டர் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பால்காரர் தலையாட்டினாரா என்று அவர் பார்க்கவில்லை.

நான்கு மாதம் போனது.

வேலியோரம் பழைய நைலான் கயிறு ஒன்று மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. ரோட்டவேட்டர் அதைச் சுற்றிக்கொண்டது. பால்காரர் வண்டியை நிறுத்தினார், எஞ்சினையும் ரோட்டவேட்டரையும் நிறுத்தவில்லை. ஒரு நிமிட வேலைதானே என்று இறங்கிப் போனார். வழுக்கிய கயிற்றை நன்றாகப் பிடிக்க வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவிதான் சாவியைத் திருப்பினார். அதற்குள் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

கடையில் மூன்றாம் நாள்தான் ஃபிட்டருக்கு விஷயம் தெரிந்தது. அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். கட்டிலில் பால்காரர் இன்னும் சின்னதாகத் தெரிந்தார். கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க. உங்கள யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல தம்பி."

"சொன்னா காதுல வாங்காதீங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வண்டி நிக்குது, ஏதாவது பண்ணுங்கன்னு நான்தான் உங்களக் கேட்டேன். கேட்டதப் பண்ணீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

அவர் கேட்கவில்லை. கேட்ட மாதிரி ஒரு ஞாபகத்தை வலியில் அவரே செய்துகொண்டிருக்கிறார். ஃபிட்டருக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமா தம்பி," என்றார்.

இரண்டாவது தவறு அதுதான். முதலாவதைவிட அதற்கு இன்னும் குறைந்த நேரமே ஆனது.

பத்து நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து அழைப்பு. அவருடைய மகள் ஓட்டினால் வண்டி நின்று நின்று போகிறதாம்.

"அது ஒல்லிக்குச்சிண்ணே. பால்காரர் வண்டில போட்ட மாதிரி ஒரு கம்பி போட்டு விட்டுடுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஃபிட்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அவர் கை போனது தெரியும்ல?"

"தெரியாம என்ன? நான்தானே மருந்து குடுக்கறேன். அவர் கவனமில்லாம இறங்கிட்டாரு. நாங்க கவனமா இருப்போம்."

"அவரும் கவனமான ஆள்தான் சார்."

"எல்லார் வண்டிலயும் போடறீங்களாம், எனக்கு மட்டும் என்ன? கேட்டாதான போடுவீங்க, இதோ கேக்கறேன்ல?"

ஃபிட்டர் இருக்கையைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட் ஒன்று அடம்பிடித்தது. முழங்கால் வலித்தது. ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஸ்விட்சை ஏற்றிப் பொருத்தி, அந்தப் பெண்ணை மூன்று தடவை உட்காரவைத்து எழவைத்துப் பார்த்தார். மேட்டில் ஓட்டினால் வண்டி நிற்கவில்லை. எழுந்தால் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து நிமிடம்.

அங்கிருந்து கடைக்குத் திரும்பாமல் பால்காரர் வீட்டுக்குப் போனார்.

பால்காரர் தொழுவத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மனைவி ஒரு மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆறில் இரண்டு மாடு இன்னும் அவர் கைக்குப் பால் இறக்கவில்லை. அவற்றுக்குப் பழகிய கை வேறு.

"தம்பி, நீங்க என்கிட்ட கேக்கல," என்றார் ஃபிட்டர், நின்றபடியே.

"என்னண்ணே?"

"அந்தக் கம்பி. நீங்க கேக்கல. நானாத்தான் போட்டேன்."

"இல்லண்ணே, நான்தான் கேட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"நீங்க கன்னுக்குட்டியக் கட்டப் போயிருந்தீங்க. தங்கச்சி தண்ணி எடுக்கப் போயிருந்தாங்க. அப்ப போட்டேன். அத சரி பண்ண அரை மணி நேரம் ஆகும். எனக்கு அலுப்பா இருந்துச்சு."

உள்ளே பால் பீய்ச்சுகிற சத்தம் நின்றது.

பால்காரர் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "இத்தன நாளா," என்றார் மெதுவாக, "ஏன்டா கேட்டோம், ஏன்டா கேட்டோம்னு என்னையே நான் அடிச்சுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிலயே சொல்லியிருக்கலாமேண்ணே."

மனைவி வாளியோடு வெளியே வந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபப்படுவதற்கு அவரிடம் தெம்பில்லை.

"எனக்கும்தாண்ணே அலுப்பு. ஆறு மாடு, இவருக்குச் சட்டை போட்டு விடணும், சோறு பிசைஞ்சு வைக்கணும். அலுப்புன்னு பால்ல தண்ணி கலந்தேனா, இல்ல கை கழுவாம கறந்தேனா? குடிக்கிறது யாரு வீட்டுக் குழந்தையோ. அலுத்துப்போறது தப்பில்ல. உங்க அலுப்பக் கொண்டாந்து எங்க வீட்டுல இறக்கி வெச்சிட்டுப் போனீங்க பாருங்க, அதுதான் தப்பு."

"தப்புத்தாம்மா."

"இன்னும் எத்தன வண்டில போட்டிருக்கீங்க?"

"பதினேழு இருக்கும்."

"இருக்கும்னா?"

"பதினேழு."

"அப்ப இங்க எதுக்கு நிக்கறீங்க? எங்க வண்டிலருந்து ஆரம்பிங்க. நாளைலருந்து நான்தான் ஓட்டப் போறேன்."

ஃபிட்டர் பையைத் திறந்தார். டேப்பைப் பிரித்துக் கம்பியை எடுத்தார். ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். பால்காரரின் மனைவி ஏறி உட்கார்ந்தார், நிலத்தில் ஒரு சுற்று ஓட்டினார், எழுந்தார். எஞ்சின் நின்றது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிக் கறவைக்குப் போனார்.

ஃபிட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பால்காரர் படியிலிருந்து கேட்டார்.

"மத்த வீட்டுல போய் என்னன்னு சொல்லுவீங்க? வண்டி நல்லாத்தான் ஓடுது, எதுக்குப் பிரிக்கறன்னு கேப்பாங்க."

"எழுந்தா வண்டி நிக்கறது கோளாறு இல்ல, உங்களக் காப்பாத்தத்தான் நிக்குதுன்னு சொல்லுவேன்."

"அது யாரு காதுலயும் ஏறாதுண்ணே. கம்பெனிக்காரன் புத்தகத்துலயும் அதுதான் எழுதியிருக்கான், நான் படிச்சேனா? ஒருத்தன் அரை மணி நேரத்த மிச்சம் பிடிச்சான், இன்னொருத்தன் கை போச்சுன்னு சொல்லுங்க. போனது என் கைன்னு சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "மிச்சம் பிடிச்சது யாருன்னும் மறைக்காமச் சொல்லுங்க."